கடைக்கு வாங்கும் டி.வி.: பிளாஸ்மா தோற்றதும் எல்.சி.டி. நின்றதும் ஏன்?

மளிகைக் கடையில் டி.வி. என்றால் ஒரு காலத்தில் மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது பொழுது போக்குவதற்கு என்றுதான் பொருள். இன்று அப்படியில்லை. தராசும் கல்லாப்பெட்டியும் போல அதுவும் கடைச் சாமானாகிவிட்டது. கேமரா வைத்தவர்களுக்கு அது காவல்காரன். விலைப் பட்டியலை ஓடவிடுபவர்களுக்கு அது பலகை. கொடைரோடு ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளிலிருந்து வத்தலக்குண்டு சாலைக் கடைகள் வரை, நம் வியாபாரிகள் நாலு பேர் கூடும் இடத்தில் "கடைக்கு ஒரு டி.வி. போடணும், எந்தக் கம்பெனி நல்லது?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது.

கேள்வியே சரியில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். கம்பெனி பெயர் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. பெட்டி எந்த வெளிச்சத்தில் நிற்கப் போகிறது? அதில் எந்தப் படம் எத்தனை மணி நேரம் நிற்கப் போகிறது? இவ்விரண்டையும் கேட்காமல் வாங்கிப் பணத்தை விட்டவர்களில் நாங்களும் ஒருவர் என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

2010-ல் எங்கள் மொத்த வியாபாரக் கடைக்கு முதன்முதலாக நான்கு கேமரா போட்டோம். மூட்டை இறங்குகிற இடம், குடோன் வாசல், கல்லா, தெரு என்று நான்கு பக்கமும் தெரிய வேண்டும். பெரிய திரையாக இருக்கட்டும் என்று 42 அங்குல பிளாஸ்மா டி.வி. வாங்கினோம். விற்ற கடையில் அதை ஓர் இருட்டறையில் வைத்துக் காட்டினார்கள். பக்கத்திலேயே ஓர் எல்.சி.டி. இரண்டையும் பார்த்த எவரும் பிளாஸ்மாவைத்தான் எடுத்திருப்பார்கள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஓடுகிற பந்து வால் விடாமல் ஓடியது. எங்கள் அண்ணன் பேரம் பேசி, ஸ்டாண்டு இனாமாக வாங்கி, வண்டியில் ஏற்றிவிட்டார்.

எங்கள் கடை மேற்குப் பார்த்த கடை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெருவின் வெளிச்சம் அப்படியே உள்ளே அடிக்கும். அந்த நேரத்தில் பிளாஸ்மாவின் கண்ணாடியில் எதிர்வரிசைக் கடையும் போகிற லாரியும் எங்கள் முகமும் தெரிந்தன. கேமரா படம் மட்டும் தெரியவில்லை. படுதா கட்டிச் சமாளித்தோம். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் ரெக்கார்டர் பழுதாகிவிட, திரை சும்மா கிடக்கிறதே என்று கிரிக்கெட் போட்டோம். மைதானத்தின் குறுக்கே ஒரு பெரிய கூட்டல் குறி! மூலையில் தேதியும் நேரமும் மங்கலாகப் படிந்திருந்தன. நான்கு கேமராப் படத்தைப் பிரிக்கும் கோடு திரையிலேயே பதிந்துபோயிருந்தது. "நாலு கட்டத்துக்குள்ள விளையாடுறாங்கடா" என்றார் அண்ணன். வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தபோதுதான், நிலையான படம் பதிந்துபோவதற்குப் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்தோம்.

பெட்டியில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. அது ஒரு வீட்டின் இருட்டறையில் சினிமா பார்ப்பதற்குப் பிறந்தது. நாங்கள் அதைக் கடைத்தெருவில் காவலுக்கு நிறுத்திவிட்டோம்.

இரண்டும் வேலை செய்யும் விதம்

பிளாஸ்மாவைப் புரிந்துகொள்ள டியூப் லைட்டை நினைத்துக்கொண்டால் போதும். டியூப் லைட்டுக்குள் வாயு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அந்த வாயு கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை விடுகிறது. குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பூச்சு அந்த ஒளி பட்டு ஒளிர்கிறது. பிளாஸ்மாத் திரை என்பது இப்படிப்பட்ட லட்சக்கணக்கான குட்டி டியூப் லைட்டுகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் அடுக்கியது. உள்ளே நியான், செனான் வாயுக்கள். ஒரு அறையின் பூச்சு சிவப்பு, அடுத்தது பச்சை, அடுத்தது நீலம். எந்தப் புள்ளி எரிய வேண்டுமோ அது தானே எரியும்; எரிய வேண்டாத புள்ளி ஏறக்குறைய அணைந்தே இருக்கும். கறுப்பு நன்றாகத் தெரிந்ததன் ரகசியம் இதுதான்.

ஆனால் டியூப் லைட்டின் பூச்சு எரிய எரியத் தேய்வது போல இதிலும் தேயும். திரை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே கோடு மாதக்கணக்கில் எரிந்தால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து, நிழலாக நின்றுவிடும். எங்கள் கூட்டல் குறி அப்படி வந்ததுதான்.

எல்.சி.டி.யின் வழி வேறு. அதில் எந்தப் புள்ளியும் தானாக எரிவதில்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதன் முன்னால் திரவப் படிகம் என்ற பொருள் நிரம்பிய லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கதவுகள். மின்சாரம் கொடுக்கும் அளவுக்குத் தக்கபடி கதவு திறக்கும், மூடும். கறுப்பு வேண்டுமானால் கதவு மூடிக்கொள்ளும். எவ்வளவு மூடினாலும் சந்து வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும் என்பதால் இருட்டறையில் எல்.சி.டி.யின் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிவதுண்டு. பகலில் கடைக்குள் இந்தக் கசிவை யாரும் கவனிக்கப் போவதில்லை. பின்விளக்கின் வெளிச்சத்தை வேண்டுமட்டும் கூட்டிக்கொள்ளலாம் என்பது அங்கே கைகொடுக்கும்.

இந்தத் திரவப் படிகத்தை நம் வியாபாரிகள் டி.வி.க்கு வெகுகாலம் முன்பே அறிவார்கள். நம் கல்லாவில் கிடக்கும் கால்குலேட்டரின் கண்ணாடி அதுதான். ஜப்பானின் ஷார்ப் கம்பெனி 1973-லேயே எல்.சி.டி. பொருத்திய கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளாஸ்மாவின் தோல்விக்கும் இந்தக் கால்குலேட்டருக்கும் சம்பந்தம் இருக்கிறது.

நல்ல சரக்கு ஏன் நின்றுபோனது?

பிளாஸ்மா திடீரென்று வந்த பொருளல்ல. 1964-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், ஸ்லாட்டோ என்ற இரு பேராசிரியர்களும் வில்சன் என்ற மாணவரும் கம்ப்யூட்டர் வழிப் பாடத்துக்காகக் கண்டுபிடித்தது. பெரிய வண்ண டி.வி.யாகக் கடைக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1997-ல் 42 அங்குலப் பெட்டி வந்தபோது அமெரிக்காவில் விலை சுமார் 15,000 டாலர். அன்று பெரிய, தட்டையான திரை வேண்டுமென்றால் பிளாஸ்மாவை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் பிளாஸ்மாவால் சிறுத்துப்போக முடியவில்லை. வாயு அறையை ஓர் அளவுக்குக் கீழே சின்னதாகச் செய்வது கடினம், செலவும் கட்டாது. ஆகவே அது பெரிய டி.வி.யாக மட்டுமே விலைபோகும் சரக்காக நின்றது. எல்.சி.டி.யோ கைக்கடிகாரம், கால்குலேட்டர், செல்போன், மடிக்கணினி, கம்ப்யூட்டர் திரை, சின்ன டி.வி., பெரிய டி.வி. என்று எல்லா அளவிலும் போயிற்று. விற்பனை பெருகப் பெருகத் தயாரிப்புச் செலவு குறைந்தது. செலவு குறையக் குறைய விற்பனை இன்னும் பெருகியது. நம் வியாபாரத்தில் இது தெரியாத கதையா? தினம் பத்து மூட்டை ஓடுகிற சரக்குக்குக் கிலோவுக்கு ஐம்பது பைசா வைத்தாலும் கட்டும். வருஷத்துக்கு ஒரு பெட்டி ஓடுகிற சரக்கை எவ்வளவு லாபம் வைத்து விற்றாலும் குடோன் வாடகைக்குக் காணாது.

2007-ன் கடைசிக் காலாண்டில் உலக அளவில் எல்.சி.டி. டி.வி. விற்பனை முதன்முறையாகப் பழைய படக்குழாய் டி.வி.யைத் தாண்டியது. நம் தமிழ்நாட்டில் அப்போதுதான் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள்; ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஆகவே நம் பக்கத்தில் பல குடும்பங்கள் பிளாஸ்மாவைப் பார்க்காமலே படக்குழாயிலிருந்து நேராக எல்.இ.டி.க்கு வந்துவிட்டன. ஆன்டெனாவைக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்பிவைத்துக் கூரைமேல் நின்று "தெரியுதா, தெரியுதா" என்று கத்திய தலைமுறைக்கு அது ஒரு நஷ்டமல்ல.

மலையைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிளாஸ்மாவுக்கு உயரம் ஆகாது. திரைக்குள் அடைத்த வாயுவின் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள கணக்கு, மெல்லிய மலைக்காற்றில் மாறிவிடும். கண்ணாடி அதிர்ந்து 'ஙொய்' என்று சத்தம் வரும். பல கையேடுகளில் இத்தனை அடிக்கு மேல் வைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையே இருந்தது. கீழே கொடைரோட்டில் சத்தமில்லாமல் ஓடக்கூடிய பெட்டி, சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் சுவரில் முனகக்கூடும். எல்.சி.டி.க்கு இந்தத் தொந்தரவு கிடையாது.

எடை, சூடு, மின்செலவு எல்லாம் சேர்ந்துகொண்டன. படத்தின் தரத்துக்குப் பெயர்பெற்ற 'குரோ' வரிசை பிளாஸ்மாவைச் செய்த பயனியர் கம்பெனி, டி.வி. தொழிலை விட்டே விலகுவதாக 2009-ல் அறிவித்தது. குரோ என்றால் ஜப்பானிய மொழியில் கறுப்பு. அத்தனை நல்ல கறுப்பும் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. பிளாஸ்மாவில் பெரும் முதலைப் போட்டிருந்த பானசோனிக் 2013 அக்டோபரில் நிறுத்தப்போவதாக அறிவித்து, 2014 மார்ச்சுக்குள் அந்தத் தொழிலை முடித்துக்கொண்டது. 2014-லேயே சாம்சங்கும் எல்.ஜி.யும் கைவிட்டன. ஆகவே எங்காவது பழைய பிளாஸ்மா மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பேனல் போனால் மாற்றுப் பேனல் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு மேலே போய்விடுவதே நல்லது.

பெயர்கள் மாறின, ஜாதி இரண்டுதான்

இன்று ஷோரூமில் எல்.சி.டி. என்ற பெயரையே காணோம். எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று வரிசையாகச் சொல்கிறார்கள். கேட்பவருக்குத் தலை சுற்றும். உண்மையில் பழைய இரண்டு ஜாதிதான் இருக்கின்றன: பின்னால் விளக்கு வைத்துக் கதவு திறந்து மூடுவது ஒன்று, புள்ளியே விளக்காக எரிவது மற்றொன்று.

எல்.இ.டி. டி.வி. என்று நாம் சொல்வது எல்.சி.டி.யேதான். முன்பு பின்விளக்காக மெல்லிய டியூப் லைட்டுகள் இருந்தன; இப்போது எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. அவ்வளவே வித்தியாசம். கியூ.எல்.இ.டி. என்பதும் எல்.சி.டி.தான். பின்விளக்குக்கும் கதவுக்கும் இடையில் குவாண்டம் டாட் என்ற நுண்துகள்கள் கலந்த ஒரு படலம் கூடுதலாக இருக்கும். நிறம் பளிச்சென்று வரும். (அந்த நுண்துகளைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் கடைக்கு அந்த நிறம் தேவையா என்பது வேறு விஷயம்.) மினி எல்.இ.டி.யில் பின்விளக்கைப் பல சின்ன விளக்குகளாகப் பிரித்து, இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ளவற்றை மட்டும் மங்கவைப்பார்கள்.

ஓ.எல்.இ.டி. மட்டும் வேறு ஜாதி. பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல்; ஆனால் குணத்தில் அது பிளாஸ்மாவின் தம்பி. கரிமப் பொருளாலான ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். வீட்டில் இரவில் படம் பார்க்க இதை மிஞ்ச ஒன்றில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் எரிய எரியத் தேயும் குணமும் கூடவே வந்திருக்கிறது. படத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் நகர்த்துவது போன்ற தற்காப்புகளைக் கம்பெனிகள் வைத்திருக்கின்றன. அவை வீட்டு உபயோகத்துக்குப் போதும். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை ஒரே நாலு கட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் கடைக்கு அவற்றை நம்ப முடியாது. கையில் பணமிருக்கிறது, விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஓ.எல்.இ.டி.யைக் கேமராவுக்கு மாட்டுகிறவர், நாங்கள் 2010-ல் செய்ததையே இரட்டிப்பு விலையில் செய்கிறார்.

எல்.சி.டி. தேயாத பொருள் என்று சொல்லவில்லை. பின்விளக்கு நாளாக நாளாக மங்கும். சில சமயம் ஒரு விளக்குப் பட்டை எரிந்துபோய்ப் பாதித் திரை இருண்டுவிடும். ஆனால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டி.வி. மெக்கானிக்குகளிடம் "பேக்லைட் போச்சு" என்றாலே புரிந்துகொள்வார்கள். பேனல் போனால் கதை வேறு. டி.வி.யின் விலையில் பெரும்பகுதி பேனல்தான். பேனல் மாற்றுவதற்குப் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம் என்ற நிலைதான் பெரும்பாலும் வருகிறது.

கடைக்கு எந்த அளவு?

கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் மட்டும் பார்ப்பதென்றால் 22 அல்லது 24 அங்குலக் கம்ப்யூட்டர் மானிட்டரே போதும் என்பேன். அதுவும் எல்.சி.டி.தான். கடைக்கு வருபவர்களுக்கும் தெரிய வேண்டும், கேமரா இருக்கிறது என்ற பயம் இருக்கட்டும் என்றால் 32 அல்லது 43.

இங்கே ஒரு சூட்சுமம். 32 அங்குலப் பெட்டிகளில் பல எச்.டி. ரெடி என்ற ரகம். அதில் மொத்தம் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள். புல் எச்.டி. என்றால் 20.7 லட்சம். எட்டுக் கேமரா போட்டால் திரை ஒன்பது கட்டமாகப் பிரியும். முதல் ரகத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் புள்ளிதான் மிஞ்சும். மூட்டையின் மேல் எழுதியிருக்கும் மார்க்கும் வண்டி நம்பரும் தெரியாது. கேமராவைக் குறை சொல்லிக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். ரெக்கார்டரில் படம் தெளிவாகத்தான் பதிந்திருக்கும். காட்டுகிற கண்ணாடிக்குத்தான் சக்தி போதாது. ஆகவே எட்டுக் கேமராவுக்குப் புல் எச்.டி. கட்டாயம். 4கே என்பது 83 லட்சம் புள்ளி. ரெக்கார்டர் அந்த அளவுக்குப் படம் கொடுக்காதபோது அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது கோணம். கடை டி.வி.யை யாரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தலைக்கு மேல் மாட்டியிருப்போம்; பக்கவாட்டிலிருந்து பார்ப்போம். எல்.சி.டி.யில் ஐ.பி.எஸ். என்ற வகைப் பேனல் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. வி.ஏ. என்ற வகை நேரே பார்க்கும்போது கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் வெளுக்கும். விற்பவருக்கே எது என்ன பேனல் என்று தெரியாமல் இருக்கலாம். கவலையில்லை, ஷோரூமில் டி.வி.யின் பக்கமாக நகர்ந்து நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் ஊரில் மின்வெட்டும் உண்டு. கரண்ட் போய் வந்ததும் டி.வி. தானாக எழுந்து கேமரா இணைப்புக்கே திரும்புகிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பல ஸ்மார்ட் டி.வி.கள் எழுந்ததும் சினிமா விளம்பரப் பக்கத்தில் போய் நிற்கின்றன. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கேமரா படம் இல்லாமல் மாலை வரை அப்படியே நிற்கும். சில பெட்டிகள், நான்கு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை என்றால் தூங்குகிறார்கள் என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். இதை அமைப்புப் பகுதியில் போய் நிறுத்திவைக்கலாம். கடைக்கு ஸ்மார்ட் வசதி தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் இப்போது சாதாரண ரகம் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை இன்றைய பெட்டிகள் ஓரளவு தாங்கும். தாங்காதது இடி. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது மின்சார வயர் வழியாக மட்டுமின்றி, கூரை மேலுள்ள டிஷ் ஆன்டெனா கேபிள், வெளிக் கேமரா கேபிள் வழியாகவும் அடி உள்ளே வரும். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுவது சில நூறு ரூபாய் வேலை.

மின் கட்டணக் கணக்கு

42 அங்குல பிளாஸ்மா 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். 250 என்று வைத்து, நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் மூன்றரை யூனிட். மாதம் 105 யூனிட். கணக்குக்காக யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கொண்டால் 1,050 ரூபாய். இன்றைய 32 அங்குல எல்.இ.டி. 50 வாட் என்றால் அதே நேரத்துக்கு மாதம் 21 யூனிட், 210 ரூபாய். வித்தியாசம் 840. வருஷத்தில் பத்தாயிரத்துக்கு மேல். சாதாரண 32 அங்குலப் பெட்டி ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எங்கள் பிளாஸ்மாவை நாங்கள் நான்கு வருஷம் ஓட்டினோம் என்பதை இங்கே அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். வீட்டு இணைப்புக்குள்ள இலவச யூனிட் சலுகை கடை இணைப்புக்குக் கிடையாது.

பெட்டியின் மேல் ஒட்டியுள்ள நட்சத்திர லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். அது வீட்டில் பார்க்கும் நேரத்தை வைத்துப் போட்ட கணக்கு. கடைக்கு அது பொருந்தாது. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் பார்த்து நாமே பெருக்கிக்கொள்வது நல்லது. இன்னொரு விஷயம்: ஷோரூமிலிருந்து வரும்போது படம் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்று உச்ச வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கலாம். அதைக் கொஞ்சம் இறக்கினாலே மின்சாரமும் மிச்சம், பின்விளக்கின் ஆயுளும் கூடும்.

பில் யார் பெயரில்?

2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரையுள்ள டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம் என்று இருந்தது. வரிக்குப் பயந்தே பலர் 32-ல் நின்றார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 சதவீதம்தான். ஆகவே அந்தத் தயக்கத்துக்கு இப்போது காரணமில்லை.

23,600 ரூபாய்க்கு ஒரு டி.வி. வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் சரக்கின் விலை 20,000, வரி 3,600. நீங்கள் முறையான ஜி.எஸ்.டி. பதிவில் இருந்து, கடை உபயோகத்துக்கென்று உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் வாங்கினால் அந்த 3,600-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுக்க வழி உண்டு. ஆனால் மளிகைக்காரர்கள் முழுவதையும் எடுத்துவிட முடியாது. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் அரிசி, பருப்புக்கு வரியில்லை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி உண்டு. இரண்டும் விற்கும் கடையில், வரியுள்ள விற்பனையின் விகிதப்படிதான் வரவு கிடைக்கும். கணக்கரைக் கேட்டுச் செய்ய வேண்டும். காம்போசிஷன் முறையில் வரி கட்டுபவர்களுக்கு இந்த வரவே கிடையாது. நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூ மட்டும் வியாபாரம் செய்பவருக்கும், பன்னீர் திராட்சை மட்டும் விற்பவருக்கும் அப்படியே. அவர்கள் விற்பதற்கு வரியில்லை, ஆகவே வரவும் இல்லை. வரவு எடுத்தவர்கள் வருமான வரிக் கணக்கில் தேய்மானத்தை 20,000-க்குத்தான் போட வேண்டும். 23,600-க்குப் போட்டால் வரவு போய்விடும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. வீட்டு உபயோக டி.வி.களின் வாரண்டி அட்டையில், வணிக உபயோகத்துக்கு வாரண்டி பொருந்தாது அல்லது குறைந்த காலத்துக்கே பொருந்தும் என்று பல கம்பெனிகள் போட்டிருக்கின்றன. கடை பெயரில் பில் இருந்தால் சர்வீஸ் ஆள் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பார். 3,600-ல் ஒரு பகுதிக்காக ஒரு வருஷ வாரண்டியை விடுவதா என்பதை வாங்குமுன் யோசிக்க வேண்டும். அதற்காக வீட்டுப் பெயரில் பில் போட்டுக் கடையில் மாட்டுவதும் சரியல்ல. கடைச் சுவரில் தொங்குவதை வந்தவர் பார்க்கத்தானே போகிறார்? அட்டையை வாங்கிப் படித்து, கடை உபயோகத்துக்கும் வாரண்டி தருகிற மாடலைக் கேட்பதுதான் நேர்வழி. வணிக உபயோகத்துக்கென்றே மானிட்டர்கள் வருகின்றன. விலை கூடுதல், ஆனால் நீண்ட நேரம் ஓடுவதற்கென்றே செய்தவை.

நுகர்வோர் சட்டம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நம்மிடம் இருக்கிறது. வியாபாரி என்றாலே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று நினைக்கிறார்கள். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் தன் பிழைப்புக்காக, சுயதொழிலில் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தானே கல்லாவில் உட்காரும் சின்ன மளிகைக்காரர் இந்த வாசலில் நுழைய இடமிருக்கிறது. பெரிய மொத்த வியாபாரிக்கு எதிர்த்தரப்பு வாதாடும். எப்படியானாலும் பில் இல்லாமல் எதுவும் நடக்காது.

வாங்கப் போகும்போது

கொள்முதலில்தான் லாபம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். டி.வி. ஷோரூமுக்குப் போனதும் அதை நாம் மறந்துவிடுகிறோம். அங்கே கிளியும் பூவும் அருவியுமாக ஒரு படம் ஓடும். அந்தப் படத்தில் எந்த டி.வி.யும் அழகாகத்தான் தெரியும். நாம் கடையில் பார்க்கப்போவது கிளியை அல்ல. ஆகவே போகும்போது உங்கள் ரெக்கார்டரிலிருந்து பத்து நிமிஷப் பதிவை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் அதைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். சில ரெக்கார்டர்களின் பதிவு டி.வி.யில் நேரடியாக ஓடாது. கேமரா போட்டவரிடம் சொன்னால் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பார். முடிந்தால் வாசல் பக்கம், வெளிச்சத்தில் உள்ள பெட்டியில் பாருங்கள். முன்கண்ணாடி பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்தால் வேண்டாம். மங்கலாக, மேட் என்று சொல்கிற பரப்பாக இருந்தால் கடைக்கு உகந்தது.

மாட்டும்போது வாசலுக்கு நேரெதிரே மாட்டாமல் பக்கச் சுவரில், தலையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டச் சொல்லுங்கள். எண்ணெய் டின்னும் மிளகாய் மூட்டையும் இருக்கும் பக்கம் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் மிளகாய்த் தூசியும் பின்பக்கக் காற்றுத் துளைகளில் போய் அப்பிக்கொள்ளும். சுவருக்கும் பெட்டிக்கும் நாலு விரற்கடை இடம் இருக்கட்டும். மாட்டி முடித்ததும் ரெக்கார்டர் காட்டும் தேதியும் நேரமும் ஓரத்தில் வெட்டுப்படாமல் தெரிகிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டால் படத்தின் அளவை மாற்றும் அமைப்பில் சரிசெய்யலாம். போலீசாரிடம் பதிவைக் காட்ட வேண்டிய நாளில் அந்த நேரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

எங்கள் கடையில் இப்போது 43 அங்குலப் புல் எச்.டி. எல்.இ.டி. தெற்குச் சுவரில் இருக்கிறது. படுதாவை அவிழ்த்துவிட்டோம். பழைய பிளாஸ்மா கூட்டல் குறியோடு குடோனில் வெகுநாள் கிடந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினால்தான் நகரும். போன வருஷம் மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தோம். ஸ்டாண்டை மட்டும் அண்ணன் கொடுக்கவில்லை. அது பேரம் பேசி வாங்கியதாம்.